சொந்த வீட்டுக்குச் சாமான் மாற்றும் நாள்

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மடிப்பாக்கத்தில் ஒன்பது வருடம் வாடகைக்கு இருந்த குடும்பம், பெருங்களத்தூரில் இரண்டாவது மாடியில் பன்னிரண்டு வருடப் பழைய ஃபிளாட் ஒன்றை வாங்கியிருக்கிறது. பத்திரம் பதிவாகிவிட்டது, சாவியும் வந்துவிட்டது. ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிரகப்பிரவேசம். அன்றைக்கே சாமானையும் ஏற்றி இறக்கிவிட்டால் ஒரே அலைச்சலாக முடிந்துவிடுமே என்று வீட்டில் சொல்கிறார்கள். கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகிறவர்கள். ஆளுக்கு இரண்டு நாள் லீவு கிடைக்கும். முட்டி வலியோடு அம்மா இருக்கிறார், ஒன்றாம் வகுப்பில் ஒரு மகள். குடிபோகிற நாள் குழப்பமில்லாமல் போக என்ன செய்ய வேண்டும்?

கிரகப்பிரவேசமும் சாமான் மாற்றுவதும் ஒரே நாளில் வேண்டாம். நடுவில் பத்து நாளாவது விடுங்கள். இதை மட்டும் வீட்டில் பேசிச் சம்மதம் வாங்கிவிட்டால் மற்ற எல்லாமே சுலபம். அரை மாத வாடகை கூடுதலாகப் போகும்தான். ஆனால் காலி வீட்டில் அரை நாளில் முடிகிற வேலை, சாமான் வந்து அடைத்த பிறகு ஒரு மாதம் இழுக்கும். பீரோவுக்குப் பின்னால் ஒரு சுவிட்ச் பாக்ஸை மாற்ற வேண்டியிருந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

புரட்டாசி பிறந்துவிட்டால் குடிபோகக் கூடாதே என்று பெரியவர்கள் தயங்கலாம். பால் காய்ச்சி விளக்கேற்றிவிட்டாலே குடிபுகுந்ததாகத்தான் கணக்கு. எனக்குத் தெரிந்த பல குடும்பங்கள் ஆனியில் பால் காய்ச்சி ஆடியில் சாமான் மாற்றியிருக்கின்றன. கிரகப்பிரவேசத்தன்று உப்பு, மஞ்சள், அரிசி, பருப்பு, சாமி படம், குத்துவிளக்கு, ஒரு குடம் தண்ணீர் இவற்றைக் கொண்டுபோய் வைத்துவிடுங்கள். மனக்குறை இருக்காது.

நான் குரோம்பேட்டையில் 64 வீடுகள் உள்ள ஒரு குடியிருப்பில் ஆறு வருடம் சங்கச் செயலாளராக இருந்தவன். குடிவருகிறவர்கள் லிஃப்டுக்கும் கேட்டுக்கும் அனுமதி கேட்டு முதலில் என்னிடம்தான் வருவார்கள். அதனால் நிறைய வீடுகளின் முதல் நாளைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். என் சொந்த வீட்டுக்கு நான் வந்தது 2013-ல். அன்றைக்கு நானும் நீங்கள் நினைக்கிற மாதிரியேதான் செய்தேன். விடியற்காலை ஹோமம், பத்து மணிக்கு டிபன், பதினொன்றரைக்கு லாரி. சொந்தக்காரர்கள் பந்தியில் உட்கார்ந்திருக்கும்போதே வாசலில் கட்டில் வந்து நின்றது. ராத்திரி எட்டரைக்கு அப்பா இன்சுலின் கேட்டார். ஃப்ரிட்ஜ் கதவில் இருந்ததை பேக் செய்தவர்கள் எடுத்து எதிலோ வைத்திருக்கிறார்கள். ஹாலில் 43 பெட்டிகள். பதினெட்டில் ஒரே கையெழுத்தில் "கிச்சன்" என்று எழுதியிருந்தது. நானும் தம்பியும் மொபைல் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகப் பிரித்தோம். அப்பா பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, "பரவாயில்லப்பா, காலையில பாத்துக்கலாம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். கடைசியில் தம்பி பைக்கை எடுத்துக்கொண்டு போய் மெடிக்கலில் புதிதாக வாங்கி வந்தபோது மணி பத்தேகால். அவர் அதுவரை சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தது எனக்கு இன்னும் ஆறவில்லை. பழைய மருந்து மூன்றாம் நாள் கிடைத்தது, இட்லிக் கொப்பரைக்குள்ளே.

சரி, உங்கள் வீட்டுக்கு வருவோம்.

கிரகப்பிரவேசத்தன்று கவனிக்க வேண்டியவை கொஞ்சம்தான். ஹோமம் செய்வதாக இருந்தால் செங்கலைத் தரையில் நேராக அடுக்க விடாதீர்கள். கீழே ஒரு தகரத் தட்டு, அதன்மேல் மூன்று விரற்கடை உயரத்துக்கு மணல், அதற்கு மேல் செங்கல். டைல்ஸ் சூட்டில் விரிசல் விட்டால் அதே ஷேடில் புது டைல்ஸ் கிடைப்பது பன்னிரண்டு வருடப் பழைய வீட்டில் கஷ்டம். ஐயரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், மணல் நீங்களே ஏற்பாடு செய்கிறோம் என்று. புகை போக எல்லா ஜன்னலையும் திறந்து வையுங்கள். பால் காய்ச்ச உங்கள் கேஸ் அடுப்பைக் கழற்றிக் கொண்டுவர வேண்டியதில்லை, ஒரு இண்டக்‌ஷன் அடுப்பு போதும். ஆனால் அந்த பிளக்கில் கரண்ட் வருகிறதா என்று முந்தின நாளே பாருங்கள். நல்ல நேரம் நெருங்கும்போது சமையலறை பிளக் வேலை செய்யாமல், ஹாலில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் தேடி ஓடியதை இரண்டு வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

பால் காய்ச்சிய வீட்டில் அன்றிரவு யாராவது படுக்க வேண்டும் என்பார்கள். இந்த வழக்கத்தை விடாதீர்கள். நீங்களும் உங்கள் மனைவியும் போய்ப் படுங்கள், பாயும் தலையணையும் போதும். சாங்கியத்துக்காக மட்டும் சொல்லவில்லை, வீட்டைச் சோதித்துப் பார்க்க அதைவிட நல்ல வழி கிடையாது. பகலில் வந்து பார்த்துவிட்டுப் போகிற வீடு வேறு, ராத்திரி படுத்து எழுந்திருக்கிற வீடு வேறு. எந்த ஜன்னல் வழியாகக் கொசு வருகிறது, எந்தக் கதவு காற்றில் அடித்துக்கொள்கிறது, ரயில் சத்தம் எந்த அறையில் அதிகம், படுத்த இடத்திலிருந்து கை நீட்டினால் சுவிட்ச் எட்டுமா, காலை ஆறரைக்கு எல்லா வீட்டிலும் குழாய் திறந்திருக்கும்போது உங்கள் ஷவரில் தண்ணீர் எப்படி வருகிறது, வெயில் எந்த அறைக்குள் முதலில் விழுகிறது எல்லாம் ஒரே ராத்திரியில் தெரிந்துவிடும். ஒரு நோட்டும் பேனாவும் பாய்க்குப் பக்கத்தில் இருக்கட்டும். தோன்றியதை எல்லாம் எழுதுங்கள். அந்தப் பக்கம்தான் அடுத்த பத்து நாள் வேலைப் பட்டியல்.

அந்தப் பத்து நாளில் முதலில் பூட்டு. வாங்கியது பழைய வீடு. முன்னால் இருந்தவர், அவர் வீட்டு வேலைக்காரம்மா, அதற்கு முன் வாடகைக்கு இருந்தவர், மராமத்துக்கு வந்த ஆசாரி என்று உங்கள் வாசல் கதவின் சாவி எத்தனை பேரிடம் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. யார் மேலும் சந்தேகப்பட்டுச் சொல்லவில்லை. பூட்டை மாற்றிவிட்டால் நிம்மதியாகத் தூங்கலாம். பல பூட்டுகளில் முழுப் பூட்டையும் மாற்றாமல் சாவி போடுகிற சிலிண்டரை மட்டும் மாற்ற முடியும், செலவும் குறைவு.

அடுத்து எலக்ட்ரீஷியன். மெயின் பாக்ஸைத் திறந்து எந்த எம்.சி.பி. (லோடு அதிகமானால் தானாக அணைகிற சுவிட்ச்) எந்த அறைக்கு என்று ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்து எழுதி ஒட்டச் சொல்லுங்கள். ஆர்.சி.சி.பி. என்று ஒரு சாதனம் இருக்க வேண்டும், அதில் "டி" என்று எழுதிய சின்னப் பொத்தான் இருக்கும். அழுத்தினால் உடனே கரண்ட் துண்டிக்கப்பட வேண்டும். துண்டிக்கவில்லை என்றாலோ அந்தச் சாதனமே இல்லை என்றாலோ முதல் செலவை அங்கே செய்யுங்கள். ஷாக் அடிக்கும்போது உயிரைக் காப்பது அதுதான். ஆறு வயதுக் குழந்தை இருக்கிற வீடு, இதில் தள்ளிப்போட எதுவும் இல்லை. கீசர், வாஷிங் மெஷின், ஏ.சி. வரப்போகிற பிளக்குகளில் எர்த் சரியாக இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். கீசரை, சுடுதண்ணீர்க் குழாயில் தண்ணீர் வருவதைப் பார்க்காமல் போடாதீர்கள். காலி கீசரைப் போட்டால் காயில் போய்விடும்.

பிளம்பருக்கு உள்ள வேலை: எல்லா ஆங்கிள் காக்கையும் (சுவரில் குழாய் இணைப்புக்கு முன்னால் உள்ள சின்ன வால்வு) ஒருமுறை மூடித் திறப்பது, சிங்க்குக்கு அடியில் ஒழுகுகிறதா என்று பார்ப்பது, உங்கள் வீட்டுத் தண்ணீரை மொத்தமாக நிறுத்துகிற கேட் வால்வு எங்கே இருக்கிறது என்று உங்களுக்குக் காட்டுவது. இந்த வால்வு இருக்கும் இடம் வீட்டில் எல்லோருக்கும் தெரிய வேண்டும், அம்மாவுக்கும் கூட. அப்புறம், கொஞ்ச நாள் பூட்டிக் கிடந்த வீட்டுக் குளியலறையில் சாக்கடை வாடை அடித்தால் பயப்படாதீர்கள். தரையில் ஜாலிக்குக் கீழே எப்போதும் கொஞ்சம் தண்ணீர் தேங்கி நின்று வாடையைத் தடுக்கும்படி அமைத்திருப்பார்கள். புழக்கம் இல்லாவிட்டால் அது காய்ந்துவிடும். வாடையும் கரப்பானும் அந்த வழியாகத்தான் வருகின்றன. ஒவ்வொரு ஜாலியிலும் ஒரு பக்கெட் தண்ணீர் ஊற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும். சாமான் வருவதற்கு முன்னாலேயே கரப்பானுக்கும் கரையானுக்கும் மருந்து அடித்துவிடுங்கள், முக்கியமாகப் பரணிலும் சமையலறைக் கபோர்டுகளிலும். அடித்துவிட்டு இரண்டு நாள் ஜன்னலைத் திறந்து வைத்துத் துடைத்தால் போதும்.

பழைய உரிமையாளரோடு ஒருமுறை மீட்டர் பெட்டிக்குப் போய் ரீடிங்கைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். நம்மூரில் கரண்ட் கணக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எடுப்பதால், அவர் செலவழித்ததும் நீங்கள் செலவழித்ததும் ஒரே பில்லில் வந்து நிற்கும். குறிப்பிட்ட யூனிட் வரை இலவசம், அதற்கு மேல் போகப் போக யூனிட் விலையும் ஏறும். யார் பங்கு எவ்வளவு என்று பின்னால் பேசுவதைவிட அன்றைக்கே பேசி முடித்துவிடலாம். சங்கத்தில் மெயின்டனன்ஸ் பாக்கி இல்லை என்று எழுதி வாங்குங்கள். வீட்டு வரி விஷயத்தில் ஒன்று: பெருங்களத்தூர் 2021-ல் உருவான தாம்பரம் மாநகராட்சிக்குள் வந்துவிட்டது. பழைய ரசீதுகளில் பேரூராட்சி என்று இருக்கும். இப்போதைய வரி எண் எது என்று அவரிடமே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். வரி அரையாண்டுக்கு ஒருமுறை கட்டுவது. கடைசியாகக் கட்டிய ரசீதின் நகல் இருந்தால் பெயர் மாற்றும்போது அலைச்சல் மிச்சம்.

இனி நாள் குறிப்பது. லீவு இரண்டு நாள்தான் என்றால் ஞாயிற்றுக்கிழமையைத் தேர்ந்தெடுக்காதீர்கள். வியாழக்கிழமை மாற்றுங்கள், வெள்ளியும் லீவு போடுங்கள், சனி ஞாயிறும் சேர்ந்து நான்கு நாள் ஆகிவிடும். ஞாயிற்றுக்கிழமை மாற்றினால் திங்கட்கிழமை ஆபீசுக்கு ஒரு நல்ல சட்டை தேடவே நேரம் போய்விடும். இன்னொரு காரணமும் உண்டு. பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸ்காரர்களுக்கு மாதக் கடைசியும் ஞாயிறும்தான் கூட்டம். அன்றைக்கு இரண்டு வீடு ஒத்துக்கொண்டு, முதல் வீடு தாமதமாகி, உங்கள் வீட்டுக்கு மதியம் இரண்டு மணிக்கு வந்து நிற்பார்கள். ஞாயிறு சாயங்காலமோ பெருங்களத்தூர் ஜி.எஸ்.டி. சாலை ஊரிலிருந்து திரும்பும் வண்டிகளால் நிரம்பியிருக்கும். மாத நடுவில் ஒரு வியாழன் என்றால் ஆட்களும் நிதானமாக வேலை செய்வார்கள், பேரமும் கொஞ்சம் படியும். ராகு காலம் பார்ப்பவர்கள் என்றால் வியாழன் மதியம் ஒன்றரை முதல் மூன்று வரை. அதற்குள் முதல் சாமான் இறங்கிவிடும். காலை அலுவலக நேரத்தில் பெரிய வண்டிகளுக்குத் தடை உள்ள சாலைகள் உண்டு, வண்டிக்காரரிடம் எத்தனை மணிக்குக் கிளம்ப முடியும் என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள். மேடவாக்கம், சேலையூர் வழியாகப் போனால் தூரம் அதிகமில்லை.

குட்டியானை இரண்டு நடை போதாதா என்று கேட்பார்கள். ஒன்பது வருடம் குடும்பம் நடத்திய வீட்டுச் சாமான் இரண்டு நடையில் அடங்காது. மூன்றாவது நடைக்குள் இருட்டிவிடும், ஆவணி மாதம் சாயங்கால மழையும் வரும். மூடிய பெரிய வண்டி ஒன்றைப் பேசுங்கள், ஒரே நடையில் முடியட்டும். பேசும்போது போனில் பேசி முடிக்காமல் ஆள் வீட்டுக்கு வந்து சாமானைப் பார்க்க வேண்டும். கட்டில் கழற்றி மாட்டுவது, மாடி ஏற்றுவது, லிஃப்ட் வேலை செய்யாவிட்டால் என்ன, இன்சூரன்ஸ் உண்டா, வரி சேர்த்தா சேர்க்காமலா எல்லாம் எழுத்தில் வாங்குங்கள். முழுப் பணத்தையும் முன்னாலேயே கொடுக்காதீர்கள், கடைசிப் பெட்டி வீட்டுக்குள் வந்த பிறகுதான் கணக்கு முடிய வேண்டும். நகை, பத்திர நகல், சான்றிதழ், பாஸ்போர்ட் எதுவும் லாரியில் போகக் கூடாது. கடன் வாங்கி வாங்கிய வீடென்றால் மூலப்பத்திரங்கள் வங்கியில் இருக்கும், அவற்றைப் பெற்றுக்கொண்டதாக வங்கி கொடுத்த பட்டியல் உங்கள் கைப்பையில் இருக்கட்டும்.

புது வீட்டுச் சங்கத்தில் ஒரு வாரம் முன்பே சொல்லிவிடுங்கள். செயலாளராக இருந்தபோது எனக்கு வந்த சண்டைகளில் பாதி, லாரி வந்து நின்ற பிறகுதான் நாங்கள் விஷயத்தையே கேள்விப்படுவோம் என்பதால் வந்தவை. லிஃப்டில் பீரோ ஏற்றலாமா, எத்தனை மணி வரை சாமான் இறக்கலாம், வண்டி உள்ளே வருமா என்று கேளுங்கள். அன்று காலை பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி, "இன்னைக்குக் கொஞ்சம் சத்தமா இருக்கும்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். பல வருடம் பக்கத்தில் வாழப்போகிறவர்கள்.

பேக் செய்வதில் ஒரே ஒரு விஷயத்தை வற்புறுத்துவேன். பெட்டியில் "கிச்சன்" என்று மட்டும் எழுத விடாதீர்கள். எண் போடுங்கள். உங்கள் நோட்டில் அந்த எண்ணுக்கு எதிரே உள்ளே இருப்பதை எழுதுங்கள், "17: மிக்ஸி, ஜார் மூன்று, கரண்டிகள், தோசைக்கல்" என்கிற மாதிரி. பெட்டியின் மேலே எழுதாமல் பக்கவாட்டில் எழுதுங்கள், ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கினாலும் படிக்க முடியும். புது வீட்டில் ஒவ்வொரு அறை வாசலிலும் ஒரு தாளில் அறையின் பெயரை எழுதி ஒட்டுங்கள். கட்டில், பீரோ, ஃப்ரிட்ஜ் வரப்போகிற இடத்தில் தரையில் சாக்பீஸால் கோடு போடுங்கள், டேப் வைத்து அளந்து. லோடு இறக்குகிறவர்கள் உங்களிடம் கேட்கவே தேவையில்லாமல் கொண்டுபோய் வைத்துவிடுவார்கள். கனமான சாமான் முதல் தடவையே சரியான இடத்தில் உட்கார்ந்தால் பாதி வேலை முடிந்தது.

முந்தின நாள் ராத்திரி ஃப்ரிட்ஜை அணைத்து, காலி செய்து, கதவைத் திறந்து வையுங்கள். நிமிர்த்தியேதான் கொண்டுபோக வேண்டும். எங்கேயாவது சாய்த்துவிட்டார்கள் என்றால் புது வீட்டில் நிறுத்தி வைத்து நான்கு மணி நேரமாவது கழித்துப் போடுங்கள். கம்ப்ரசர் ஆயில் இறங்கி நிற்க நேரம் வேண்டும். வாஷிங் மெஷின் முன்பக்கக் கதவு உள்ளது என்றால், வாங்கும்போது பின்னால் இருந்து கழற்றிக் கொடுத்த நீளமான போல்ட்டுகளைத் தேடி எடுங்கள். டிரம் ஆடாமல் பிடித்துக்கொள்ள அவை வேண்டும். புது வீட்டில் கழற்றிய பிறகுதான் மெஷினைப் போட வேண்டும். இன்வெர்ட்டர் பேட்டரியில் ஆசிட் இருக்கிறது, படுக்க வைக்கவே கூடாது. ஏ.சி.யை முந்தின நாளே அதற்கான ஆள் வந்து கேஸை அவுட்டோருக்குள் அடைத்துக் கழற்றட்டும். லோடுமேன்கள் கழற்றக் கூடாது.

சமையல் கேஸ் சிலிண்டரை மூடிய லாரியில் மற்ற சாமான்களோடு ஏற்றாதீர்கள். உங்கள் ஏஜென்சியில் ஒரு வாரம் முன்பே போய் முகவரி மாற்றம் சொல்லுங்கள். அதே ஊருக்குள் மாறுகிறவர்கள் பொதுவாக சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் தாங்களே வைத்துக்கொள்ளலாம், வேறு ஊர் என்றால் ஒப்படைத்துவிட்டு அங்கே திரும்ப வாங்க வேண்டும். புது வீட்டில் இணைத்ததும் சோப்புத் தண்ணீரைக் குழாயின் இரண்டு முனையிலும் தடவிப் பாருங்கள், குமிழி வந்தால் கசிவு. ரப்பர் குழாயின் மேல் வருடம் போட்டிருக்கும். ஐந்து வருடம் தாண்டியிருந்தால் அன்றைக்கே புதிது மாற்றிவிடலாம். எல்.பி.ஜி. காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையோடு தேங்கும். அதனால் சிலிண்டரை எப்போதும் நிமிர்த்தி, அடுப்பைவிடத் தாழ்வாக, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். வாடை வந்தால் சுவிட்சைத் தொடாமல் ரெகுலேட்டரை மூடி ஜன்னலைத் திறந்துவிட்டு, வெளியே வந்து கேஸ் கசிவுக்கான அவசர உதவி எண் 1906-க்குக் கூப்பிடுங்கள். அந்த எண்ணை ஃப்ரிட்ஜ் மேல் எழுதி ஒட்டலாம்.

அப்பாவின் இன்சுலினுக்குப் பிறகு நான் எல்லோரிடமும் சொல்வது ஒரு பக்கெட் விஷயம். நல்ல பெரிய பக்கெட் ஒன்றை எடுங்கள். அதற்குள் மக்கு, சோப்பு, நான்கு துண்டு, காபி ஃபில்டர், பொடி, சர்க்கரை, ஒரு பால் குக்கர், நான்கு டம்ளர், கத்தி, லைட்டர், ஸ்க்ரூடிரைவர், டெஸ்டர், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், போன் சார்ஜர்கள், கொசு மட்டை. மருந்துகள் தனியாக ஒரு பையில், அம்மாவுடையது எல்லாம் ஒரு வாரத்துக்கு. ஆளுக்கு இரண்டு செட் துணி, மகளின் யூனிபார்ம், ஷூ, ஸ்கூல் பை. இவை எதுவும் லாரியில் ஏறாது, உங்கள் கையோடு வரும். பேக் செய்கிறவர்கள் கண்ணில் பட்டால் இதையும் சுற்றிக் கட்டிவிடுவார்கள், அதனால் குளியலறைக்குள் வைத்துப் பூட்டிவிடுங்கள்.

அன்றைக்கு நீங்கள் இரண்டு பேரும் ஒரே இடத்தில் இருக்காதீர்கள். ஒருவர் பழைய வீட்டில் கடைசிச் சாமான் ஏறும்வரை, இன்னொருவர் புது வீட்டில் வாசலில் நின்று எண்ணைப் பார்த்து டிக் அடித்துக்கொண்டு. மகள் பள்ளிக்குப் போய்விடுவாள். அம்மாவைக் காலையிலேயே புது வீட்டுக்கு அழைத்துப்போய், மெத்தை ஒன்று முன்பே போட்டு வைத்த அறையில் உட்காரவைத்துவிடுங்கள். அல்லது சாயங்காலம் வரை சொந்தக்காரர் வீட்டில். லோடு ஏறி இறங்கும் நடைபாதையில் முட்டி வலிக்காரர்கள் நிற்கக் கூடாது. வேலை செய்கிறவர்களுக்கு மதியச் சாப்பாடும் மோரும் நீங்களே வாங்கிக் கொடுங்கள். இரண்டாவது மாடிக்கு பீரோ தூக்குவது லேசான வேலை இல்லை, வயிறு நிறைந்தவர்கள் கண்ணாடியை மெதுவாகத்தான் வைப்பார்கள்.

சாமான் இறங்கியதும் எல்லாப் பெட்டியையும் பிரிக்கிற ஆசை வரும், பிரிக்காதீர்கள். முதல் நாள் ராத்திரிக்குள் மூன்று மட்டும் முடிந்தால் போதும்: எல்லோருக்கும் படுக்கை, ஒரு குளியலறை, காலைக் காபிக்கு அடுப்பு. வண்டிக்காரர்கள் போவதற்கு முன் கட்டில்களை மாட்டவைத்துவிடுங்கள், அவர்கள் போன பிறகு அந்தப் போல்ட்டுகள் எந்தப் பையில் என்று யாருக்கும் தெரியாது. மெத்தை விரித்து, பெட்ஷீட் போட்டு, கொசுவலை கட்டிவிடுங்கள். அதற்குப் பிறகு மகளின் பொம்மைப் பெட்டியை மட்டும் திறந்து அவளையே அடுக்கச் சொல்லுங்கள். குழந்தைக்கு வீடு மாறுவது நாம் நினைப்பதைவிடப் பெரிய விஷயம், அவள் அலமாரியில் அவள் கையால் வைத்த ஒரு பொம்மை இருந்தால் அன்று தூங்கிவிடுவாள். ராத்திரிச் சாப்பாடு வெளியில் வாங்கிக்கொள்ளலாம், இட்லி போதும்.

பழைய வீட்டை மறந்துவிடாதீர்கள். வெள்ளிக்கிழமை போய்ப் பெருக்கித் துடைத்து, பரணைக் கடைசியாக ஒருமுறை பார்த்து, மீட்டர் ரீடிங்கையும் ஒவ்வொரு அறையையும் போட்டோ எடுத்து, வீட்டுக்காரர் முன்னால் சாவியைக் கொடுத்துவிட்டு அட்வான்ஸ் கணக்கைப் பேசுங்கள். காலிப்பெட்டிகளுக்கு நடுவே நின்று பேசுவதைவிட, துடைத்த வீட்டில் நின்று பேசினால் பிடித்தம் குறைவாகத்தான் இருக்கும்.

முகவரி மாற்றங்கள் அந்த வாரமே வேண்டியதில்லை. கரண்ட் இணைப்பையும் வீட்டு வரியையும் உங்கள் பெயருக்கு முதலில் மாற்றுங்கள், அந்த ரசீதுகள் ஆதாருக்கு முகவரிச் சான்றாக உதவும். ஆதார் மாறிவிட்டால் வங்கி, ரேஷன் அட்டை எல்லாம் சுலபம். வாக்காளர் பட்டியலுக்கு படிவம் 8. மடிப்பாக்கம் தபால் நிலையத்தில் எழுதிக் கொடுத்தால் கடிதங்களைப் புது முகவரிக்குத் திருப்பி அனுப்புவார்கள், வங்கிக் கடிதங்களும் எல்.ஐ.சி. நோட்டீஸும் அந்த மாதம்தான் வந்து தொலையும்.

அம்மாவைப் பற்றி இன்னும் ஒன்று. ஒன்பது வருடம் தூக்கக் கலக்கத்தில் எழுந்து இடது பக்கம் திரும்பிக் குளியலறைக்குப் போன கால்கள், புது வீட்டிலும் இடது பக்கம்தான் திரும்பும். அங்கே சுவர் இருக்கலாம், அடுக்கிய பெட்டிகளும் இருக்கலாம். முடிந்தால் பழைய வீட்டில் கட்டில் இருந்த அதே பக்கமாகக் கட்டிலைப் போடுங்கள். படுக்கையிலிருந்து குளியலறை வரை ஒரு பெட்டிகூட இல்லாமல் வழியைக் காலி செய்து, நடுவில் ஒரு சின்ன நைட் லேம்ப் செருகிவிடுங்கள். குளியலறை வாசலில் வழுக்காத மிதியடி. விளக்கை அணைப்பதற்கு முன், அவர் கையைப் பிடித்து அந்தப் பத்து அடியை இரண்டு முறை நடத்திக் காட்டிவிட்டு வாருங்கள்.